பழைய ரிவால்வர்களின் குதிரையும் விசையும்

நிலபுலமுள்ள குடும்பங்களில், தந்தை பாட்டனார் காலத்தில் லைசென்ஸ் பெற்று வாங்கிய ரிவால்வர்கள் இன்றும் பெட்டிகளில் இருப்பதுண்டு. குழல் துருப்பிடித்திருக்கிறதா, தோட்டா சரியாய்ச் செல்கிறதா என்று பார்ப்பவர் பலர். விசையை ஒருவரும் தொடாதபோது அக்கருவி வெடியாமலிருக்குமா என்று பார்ப்பவர் சிலரே. பழைய ரிவால்வரில் முதன்மையாய் அஞ்சவேண்டியது இதுவேயாகும்.

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் 1876-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நடந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். அவ்வூர்ப் போலீஸ் உத்தியோகஸ்தரான வயட் எர்ப் என்பவர் ஒரு சாராயக் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குதிரை அடிபட, தோட்டா வெடித்து, குண்டு அவருடைய சட்டையைத் துளைத்து மேற்கூரை வழியே வெளியே போயிற்று. அறையிலிருந்தோர் உயிர் தப்பினர். துப்பாக்கியைக் கையாளுவதில் பெயர்பெற்ற ஒருவருக்கே இது நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

இதற்குக் காரணம் அக்காலத்துக் கருவியின் அமைப்பே. 1873-இல் வெளிவந்த கோல்ட் ரிவால்வரில், தோட்டாவின் பின்புறத்துக் கேப்பைக் குத்தும் ஊசி, குதிரையின் முகத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. குதிரையை முழுவதும் இறக்கி வைத்தால் ஊசியின் நுனி நேரே கேப்பின்மேல் படிந்து நிற்கும். குதிரையின் அடிப்பாகத்தில் மூன்று காடிகள் உண்டு. முதற்காடி குதிரையைக் கேப்பினின்று சிறிது விலக்கி நிறுத்துவதற்கு, இரண்டாவது தோட்டா நிரப்புவதற்கு, மூன்றாவது சுடுவதற்கு. விசையின் மேல்நுனி இக்காடிகளில் ஒன்றில் சென்று மாட்டிக்கொள்ளும். அந்நுனி மிகவும் மெல்லியது. முதற்காடியைப் 'பத்திரக் காடி' என்று அழைத்தாலும், குதிரைமேல் பலமாய் ஓர் அடி விழுமாயின் விசையின் நுனி ஒடிந்தோ, காடியின் உதடு உடைந்தோ தோட்டா வெடித்துவிடும். பெயரை நம்பி ஏமாந்தோர் அநேகர்.

ஆகையால் அந்நாட்டு மாட்டுப்பண்ணைக்காரரிடையே ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலியறையின்மேல் குதிரையை இறக்கி வைக்கும் வழக்கம் நிலைத்தது. ஓர் அறையில் தோட்டா இட்டு, அடுத்ததை விட்டு, பின்வரும் நான்கையும் நிரப்பி, குதிரையை முழுவதும் ஏற்றி மெல்ல இறக்கினால், விடப்பட்ட அறையே குதிரைக்கு நேராய் நிற்கும். ஒரு தோட்டா குறைகிறதே என்று வருந்துவோர் உண்டு. இவ்வகைப் பழைய கருவிக்கு இதைக் காட்டிலும் நம்பத்தக்க காப்பு வேறு எதுவுமில்லை.

பிற்காலத்தவர் யந்திரத்தினாலேயே இக்குறையை நீக்க முயன்றனர். 1905-இல் கோல்ட் கம்பெனியார் குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே, விசையை இழுத்தாலன்றி விலகாத ஒரு தடையை அமைத்தனர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரின் கருவிகளிலும் ஒருவகைத் தடை இருந்தது. ஆனால் 1944-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் அக்கருவி தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி மாண்டார். உள்ளே உறைந்து கெட்டியான மசகு, தடையைத் தன் இடத்துக்கு வரவொட்டாமல் செய்தது என்று சொல்லப்பட்டது. அதன்மேல் அக்கம்பெனியார், விசை திரும்பும்போது கட்டாயமாய் மேலேறும் புதிய தடையைப் பொருத்தலாயினர். இங்கிலாந்தின் என்ஃபீல்டு 0.38 ரிவால்வரிலோ 1942-இல் யுத்த அவசரத்தை முன்னிட்டு, இருந்த தடையையே எடுத்துவிட்டனர். யுத்தம் முடிந்தபின் பலவற்றைத் திரும்பப் பெற்று மீண்டும் பொருத்த நேர்ந்தது. அமெரிக்காவின் ரூகர் கம்பெனியார் 1973 முதல் வேறொரு முறையைக் கையாண்டனர். அதில் குதிரை ஊசியைத் தானே தொடாது. விசையை இழுத்தால் மட்டும் ஒரு பட்டை மேலெழுந்து அடியை ஊசிக்குக் கடத்தும். தங்கள் பழைய கருவிகளுக்கும் இவ்வமைப்பை இலவசமாய்ச் செய்துதர 1982-இல் முன்வந்தனர். பட்டை ஒடிந்துபோனால் கருவி சுடாமல் நின்றுவிடும்; தடை ஒடிந்துபோனாலோ கருவி எப்போதும்போல் சுட்டுக்கொண்டேயிருக்கும், அபாயம் வெளியே தெரியாது. தடையுள்ள பழைய கருவிகளை அடிக்கடி பரீட்சிக்கவேண்டியதன் காரணம் இதுவே.

பரீட்சிக்குமுன் எல்லா அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறொரு அறையில் வைத்துப் பூட்டிவிடுதல் அவசியம். குழலை மண்சுவர்போன்ற பத்திரமான திசையில் வைத்து, குதிரையை முழுவதும் ஏற்றி, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் மிதமாய்த் தள்ளவேண்டும். குதிரை இறங்குமாயின் காடியோ விசை நுனியோ தேய்ந்துள்ளதென்று கொள்ளலாம். முன்பு எவரேனும் விசையை இலேசாக்க அரம் போட்டிருக்கவும் கூடும். கோல்ட் வகையில் முதற்காடியிலும் இரண்டாங்காடியிலும் இவ்வாறே பார்க்கலாம். அங்கே விசையைப் பலமாய் இழுத்துப் பார்ப்பது தகாது. நல்ல நுனியும் அதனால் ஒடியும்.

குதிரை தானே பின்வாங்கும் வகையாயின், உருளையைத் திறந்துவைத்து, விசையை விட்ட நிலையில் குதிரையை முன்னால் அழுத்தி, சட்டத்தின் துவாரத்தைப் பார்க்கவேண்டும். தடையுள்ள கருவியில் ஊசி நுனி வெளியே எட்டிப் பார்க்கலாகாது. யுத்தத்துக்குப் பிற்பட்ட ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கருவியைக் குலுக்கினால் உள்ளே மெல்லிய கடகட ஓசை கேட்பதுண்டு. அது தடை அசையும் ஓசை, பழுதன்று. பிரித்துச் சேர்த்தவர் அதை மறந்து வெளியே விட்டுவிட்ட கருவிகளும் உண்டு. இழுத்து விட்ட விசை சோம்பலாய்த் திரும்பினால், பெரும்பாலும் குற்றம் பழைய எண்ணெயினுடையது. அது பிசின்போல் இறுகிப்போயிருக்கும். கழுவித் துடைத்து மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு இட்டாலே பல கருவிகள் சீர்ப்படும். அதன் பிறகும் சோம்பல் நீங்காவிடில் வில் தளர்ந்துவிட்டதென்று கருதலாம். கோல்ட் வகையில் விசையையும் உருளைப் பூட்டையும் இயக்கும் பட்டைவில் ஒடிவது சகஜம்.

தேய்ந்த காடியை வீட்டில் அரத்தால் ராவிக் கூராக்குவதைப்போல் கெடுதலான வைத்தியம் இல்லை. அப்பாகங்கள் பல, மேற்பரப்பு மட்டும் கெட்டியாக்கப்பட்ட எஃகு. அக்கெட்டித் தோலை அரம் தின்றுவிட்டால் உள்ளிருக்கும் மெதுவான உலோகம் விரைவில் தேயும். முதல் வாரம் சரியாய் நின்ற குதிரை, பிறகு ஒருநாள் தானே விழும். விசையையோ குதிரையையோ புதிதாய் மாற்றுவது உத்தமம். மாற்றுப்பாகம் அகப்படாவிடில், தேர்ந்த ஆயுதத் தொழிலாளி காடியில் உலோகம் ஏற்றி, புதிதாய் வெட்டி, மறுபடி கெட்டியாக்குவார். சேர்த்து முடித்தபின் மேற்சொன்ன பரீட்சைகளை மீண்டும் செய்தே பெற்றுக்கொள்ளவேண்டும்.

1959-ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டத்தின்படி பிறருடைய துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும். ஊர்க் கொல்லன் எவ்வளவு கைத்திறமுள்ளவனாயினும் அவனிடம் கொடுப்பது சட்டவிரோதம். லைசென்ஸ் காலாவதியாகி, வைத்திருப்பதே சட்டவிரோதமாகிவிட்ட கருவியைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். இறந்தவர் பெட்டியில் ரிவால்வர் இருப்பதாய்க் கிராம அதிகாரிக்குத் தகவல் வந்தால், குடும்பத்தார் குதிரையை ஏற்றி விளையாடிப் பாராதபடி தடுத்து, கருவியை இருந்த இடத்திலேயே விடச் செய்து போலீஸாருக்கு அறிவிப்பது நலம். எத்தனை வருஷம் கிடந்த பெட்டியாயினும் அறைகளில் தோட்டா இருக்கக்கூடும்.