கண்காணிக்கும் கருவியைக் காப்பது எப்படி?

மைசூர் நகரின் வடமேற்குப் பகுதியிலுள்ள ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் அமைந்துள்ளது. பொறியியல் பட்டம் பெற்று அங்குப் பயிற்சிக்குச் செல்வோருள் தமிழ்நாட்டினர் பலர். கணிப்பொறித் துறையில் இத்தகைய இளைஞர்கள் ஏற்கும் பணிகளுள், பெற்றோரும் ஆசிரியரும் எளிதில் அறிய இயலாத ஒன்று, கணிப்பொறித் தொகுதிகளைக் கண்காணிக்கும் பணியாகும். அப்பணியின் இயல்பையும், அது தானாக நடைபெறுமாறு அமைப்பதிலுள்ள நன்மையையும் இடரையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'தீக்ஷா' என்னும் கல்வித் தளத்தை ஆசிரியர்கள் நன்கு அறிவர். பாடநூலில் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தவுடன் உரிய பாடம் திரையில் தோன்றுகிறது. இதன் பின்னணியில் ஒரே நிரல் அன்று, தனித்தனி நிரல்கள் பல இயங்குகின்றன. அத்தளத்திற்கு அடிப்படையான 'சன்பேர்டு' மென்பொருளை நிறுவுவதற்கெனப் பொதுவில் வெளியிடப்பட்ட கோப்புகளுள் கண்காணிப்புக் கருவிகளை நிறுவும் கோப்புகளும் அடங்கியுள்ளன. கண்காணிப்பு என்பது பின்னர்ச் சேர்க்கும் அலங்காரம் அன்று, நிறுவுதலின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

நிரல் ஒன்றை, அதற்கு வேண்டிய துணைப் பொருள்கள் அனைத்துடனும் ஒரே கட்டாக அமைத்து, எந்தக் கணிப்பொறியிலும் ஒரே வகையில் இயங்கச் செய்யும் ஏற்பாடே 'கண்டெய்னர்' எனப்படும் கொள்கலன். கணிப்பொறிகள் பலவற்றை ஒரு தொகுதியாக இணைத்து, எந்தக் கொள்கலன் எங்கே இயங்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் மென்பொருள் 'குபர்நெட்டிஸ்' ஆகும். மீகாமன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் இது. கூகுள் நிறுவனம் 2014இல் இதனை வெளியிட்டது. ஒரு கொள்கலன் நின்றுவிடின் இது வேறொன்றைத் தொடங்கும். ஒரு பொறி பழுதுற்றால் அதன் பணியை மற்றொரு பொறிக்கு மாற்றும். எனவே கண்காணிக்கப்பட வேண்டியவற்றின் எண்ணிக்கையும் இடமும் ஓயாது மாறுகின்றன.

இந்நிலைக்கு ஏற்ற கண்காணிப்புக் கருவி 'பிரோமிதியஸ்'. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் இதன் ஆக்கம் தொடங்கிற்று. இது குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு நிரலையும் அணுகி அளவீடுகளைப் பெற்றுச் சேமிக்கிறது. அளவு எல்லை மீறினால் எச்சரிக்கை எழும். ஒவ்வொரு பொறியிலும் ஒரு சிறு அளவி அமர்ந்து, நினைவகம், வட்டு முதலியவற்றின் நிலையைத் தெரிவிக்கும்.

நூறு பொறிகளில் நூறு அளவிகளைக் கையால் நிறுவுவது கடினம். அவற்றைப் புதுப்பிப்பது இன்னும் கடினம். ஆகவே ஆணைக்குப் பதிலாக விதி எழுதப்படுகிறது. 'இன்னாரை ஐந்தாம் வகுப்பிற்கு அனுப்புக' என்பது ஆணை. 'வகுப்பு ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும்' என்பது விதி. புதிய வகுப்புத் தொடங்கினாலும் விதி மாற வேண்டுவதில்லை. குபர்நெட்டிஸில் 'டீமன்செட்' என்பது இத்தகைய விதியாகும். புதிய பொறி சேர்ந்தவுடன் அளவி தானே அங்கு வந்து அமரும். இக்கருத்தை விரித்து, கோர்ஓஎஸ் நிறுவனம் 2016இல் 'ஆப்பரேட்டர்' முறையை வெளியிட்டது. அனுபவம் மிக்க பொறியாளரின் அறிவை ஒரு நிரலாக்கி, வேண்டிய நிலையையும் இருக்கும் நிலையையும் இடைவிடாது ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்துமாறு செய்வதே அம்முறை.

புதிய பதிப்பிற்கு மாறுகையில், அளவிகள் அனைத்தும் ஒருசேர நிறுத்தப்படுவதில்லை, ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பிரோமிதியஸ் இரு படிகளாக இயங்குமாயின், ஒன்று மாறும் வேளையில் மற்றது அளந்துகொண்டிருக்கும். சேமித்த அளவீடுகள் கொள்கலனோடு அழியாவண்ணம் தனி வட்டில் வைக்கப்பட வேண்டும்.

எனினும் தானியங்கு முறைக்கும் குறை உண்டு. நிறுவுதற்குப் பயன்படும் 'ஹெல்ம்' என்னும் கருவி, மேம்படுத்தும்போது ஆப்பரேட்டர் சார்ந்திருக்கும் வரையறைகளைத் தானே புதுப்பிப்பதில்லை. அவற்றைத் தனியே புதுப்பிக்க மறந்தால், புதிய நிரலும் பழைய வரையறையும் முரண்படும். அளக்கப்பட வேண்டியவற்றை அடையாளம் காட்டும் பெயர்ச்சீட்டு மாறிவிட்டால் கேடு இதனினும் நுட்பமானது. அணுகியும் விடை தராத நிரலுக்குப் பிரோமிதியஸ் 0 எனக் குறிக்கும். ஆனால் அதன் பட்டியலிலேயே இடம்பெறாத நிரலுக்கு எக்குறிப்பும் இராது. அளவீடு இல்லையேல் எல்லை மீறுதலும் இல்லை, எச்சரிக்கையும் எழாது. திரையில் அமைதி நிலவும். அவ்வமைதியை நலம் எனக் கொள்வதே பேராபத்து.

இதற்கு மாற்று, 'வாட்ச்டாக்' எனப்படும் எச்சரிக்கை. இது எப்பொழுதும் ஒலித்துக்கொண்டே இருக்குமாறு அமைக்கப்படுகிறது. இரவில் காவலர் தடியால் தட்டிச் செல்லும் ஓசை கேட்கும்வரை ஊரார் உறங்குவர். ஓசை நின்றால் விழித்தெழுவர். அவ்வாறே இவ்வெச்சரிக்கை வருவது நின்றால், கண்காணிப்பே பழுதுற்றது எனப் பொறியாளர் அறிவர். அதனைப் பெறும் ஏற்பாடு தொகுதிக்கு வெளியே இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் தொகுதி வீழும்போது அதுவும் உடன் வீழும்.

மழைமானிப் பதிவேட்டைப் பேணும் களப் பணியாளர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. 0 என்ற பதிவு மழை பெய்யவில்லை என்பதைக் காட்டும். வெற்றிடமோ அளக்கப்படவில்லை என்பதைக் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால் வறட்சியும் தவறாகக் கணிக்கப்படும், வெள்ளமும் தவறாகக் கணிக்கப்படும். எத்துணை விரைவாகத் தானே இயங்கும் தொகுதியாயினும், இவ்வேறுபாட்டை அதற்கு முன்கூட்டியே எழுதிவைப்பவர் மனிதரே. இதனை மாணவர்களுக்கு எடுத்துரைக்க வகுப்பறையிலுள்ள வருகைப் பதிவேடே போதும். அதில் 'வரவில்லை' என்ற குறியும், நிரப்பப்படாத கட்டமும் ஒன்றல்ல.