பயனிலை இல்லாத பாட்டு

ஏற்காட்டில் பள்ளி மாணவர்களுக்கான போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். மெட்டு ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பாட்டெழுதச் சொல்லியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியதில் இப்படி ஓர் அடி: 'அண்ணன் திருப்பூரில், அப்பா தோட்டத்தில், நான் சாலை பார்த்து.' அடுத்த அடியில் வேறு செய்தி தொடங்கிவிட்டது. வாக்கியம் முடியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கும்போதுதான் அந்த அடி என்னை உறுத்தத் தொடங்கியது. சாலையின் இருபுறமும் காப்பித் தோட்டங்கள். 'காப்பியை விளைவிக்கும் தோட்டம்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஐ' உருபும் 'விளைவிக்கும்' என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறோம். ஊறுகாயில் காலமே மறைந்திருக்கிறது. அன்றாடப் பேச்சிலேயே இவ்வளவு விடுகிறோம் என்றால், செய்யுளுக்கு நன்னூல் இன்னும் தாராளமாக இடம் கொடுக்கிறது: வலித்தல் முதல் கடைக்குறை வரை ஒன்பது விகாரங்கள்; தொகுத்தலும் அவற்றுள் ஒன்று. தொல்காப்பியமோ எச்சங்களைப் பத்தாக வகுக்கிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கை நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல.

மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. அந்நிறுவனத்தின் 'மாயாவதி' (1949) படத்தில்தான் மருதகாசி திரைப்பாடலாசிரியராக அறிமுகமானார். மெட்டுக்கு எழுதுவோருக்கு அசைக்கணக்கை இசையமைப்பாளர் முன்பே முடித்துவிடுகிறார். உருபையும் துணைவினையையும் விட்டால்தான் பொருளுக்கு இடம் கிடைக்கும்.

அதற்காகப் பாட்டில் எதுவும் செல்லும் என்று நான் வாதிடவில்லை. அன்று முதற்பரிசு பெற்ற பாட்டில் 'மேகங்கள் இறங்கியது' என்றிருந்தது. பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை. மெட்டின் இனிமையில் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. 'கள்' விகுதியை விட்டு 'மேகம் இறங்கியது' என்று எழுதியிருந்தால் பிழையே இல்லை. மேகம் பால்பகா அஃறிணைப் பெயர். ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். 'மேகம் இறங்கின' என்றாலும் சரிதான். விட வேண்டியதை விடாமல் வந்த பிழை அது.

அந்தப் பெண்ணின் அடியில் பிழை எங்கே? 'அண்ணன் திருப்பூரில்' என்றதும் 'இருக்கிறான்' என்பது தானே வந்து நிற்கிறது. 'சாலை பார்த்து' என்பது 'சாலையைப் பார்த்து' என்பதன் தொகை. 'பார்த்து' வினையெச்சம், ஒரு வினையை எதிர்நோக்கியே நிற்கும். 'நிற்கிறேன்' என்று நிரப்பலாம், 'அழுகிறேன்' என்றும் நிரப்பலாம். அண்ணன் இன்னும் திரும்பவில்லை. அவள் வாக்கியத்தை எப்படி முடிப்பாள்?

அவளுக்கு மூன்றாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை. மதிப்பெண் தாளில் 'பயனிலை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியது நான்தான்.