வெட்டு தெரியாமல்

அண்ணன் மகள் கல்யாணம் முடிந்த மறுவாரம் ரெட்டியார்சத்திரத்தில் ஸ்டுடியோவுக்குப் போனோம். திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. லாரி போகும்போதெல்லாம் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு லேசாக அதிரும். எங்கள் கையில் ஒரே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. பதினொரு பேர் நிற்கும் குடும்பப் படம். இரண்டாம் வரிசையின் கோடியில் நிற்பவள் என் அம்மா. எங்களுக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டாள். அவள் முகம் பதிந்த படம் இது ஒன்றுதான்.

“மணமேடைப் பக்கத்துல பிள்ளையோட அப்பத்தாவையும் நிக்க வச்சிருங்க தம்பி” என்றார் அண்ணி.

“வச்சிரலாம்க்கா. வெட்டு தெரியாம வைக்கிறதுதான் வேலை” என்றார் ஸ்டுடியோக்காரர்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெட்டு எப்போது தெரிகிறது, எப்போது தெரியாமல் போகிறது? இதற்கான விடையில் பாதி கம்ப்யூட்டரில் இருக்கிறது. மீதிப் பாதி நம் கண்ணுக்குள் இருக்கிறது.

கல்யாணத்துக்குப் போடும் கரிஷ்மா ஆல்பத்தில், எதிரெதிர் இரு பக்கம் சேர்ந்த ஒரு விரிப்பு 12-க்கு 36 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் மொத்தம் 3 கோடியே 88 லட்சம் புள்ளிகள். ஏன் 300? புத்தகம் படிப்பது போல ஓரடி தூரத்தில் ஆல்பத்தைப் பிடித்தால், நல்ல பார்வை பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 300-இல் ஒரு புள்ளியின் அகலமும் ஏறத்தாழ அதுவேதான். புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து படமாகும் இடம் அது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த மூன்றைக் கொண்டே ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறங்கள் கிடைக்கின்றன. பட்டுச்சேலையின் பளபளப்பும் மாப்பிள்ளை நெற்றியின் வியர்வையும் கடைசியில் எண்கள்தான்.

அம்மாவின் தலை அந்தப் படத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 700 புள்ளி உயரம் கிடைக்கும். ஆல்பத்தில் இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். அதற்கு மேல் இழுத்தால் முகம் பெரிதாகும், விவரம் கூடாது.

இனி கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கும் மேல். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ ஏறக்குறைய 10 லட்சம்தான். அத்தனை பேர் சொல்வதையும் அப்படியே அனுப்ப வழியில்லை. எனவே விழித்திரை ஒரு யுக்தி செய்கிறது. ‘இங்கே எவ்வளவு வெளிச்சம்’ என்பதை விட ‘பக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்’ என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லி அனுப்புகிறது. ஒரு செல் தூண்டப்பட்டால் அதன் தாக்கம் அக்கம்பக்கத்துச் சமிக்ஞைகளை அடக்குகிறது. அதனால் சமமான பரப்பு அடங்கிப்போகும், ஓரம் மட்டும் உரக்கப் பேசும். குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு நூறாண்டு முன்பே, 1865-இல், எர்ன்ஸ்ட் மாக் இரண்டு சாம்பல் நிறங்கள் சந்திக்கும் கோட்டில் இல்லாத ஒரு வெளிச்சப் பட்டையும் இல்லாத ஓர் இருட்டுப் பட்டையும் தெரிவதை எழுதிவைத்திருந்தார். கண் ஓரங்களைக் கூட்டிக் காட்டுகிறது. கத்தரித்து ஒட்டிய படம் உடனே பிடிபடுவது இதனால்தான்.

அந்தக் கூர்மையான ஓரத்தை என்ன செய்வது? ஸ்டுடியோக்காரர் முதலில் அம்மாவைத் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், எடுத்தார், அதற்கு ஒரு மாஸ்க் போட்டார். மாஸ்க் என்பது வேறொன்றுமில்லை, இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் ஆள் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். நடுவில் உள்ள சாம்பலில்தான் அதிசயம். மேலே உள்ள நிறம் 240, அடியில் இருப்பது 40, மாஸ்க் பாதிச் சாம்பல் என்றால் கிடைப்பது 140. ஓரத்தில் பத்துப் பதினைந்து புள்ளிக்கு இந்தக் கலவையைப் பரப்பிவிட்டால் படி போலிருந்த வித்தியாசம் சரிவாக மாறும். இதற்குத்தான் ஃபெதர் என்று பெயர். எவ்வளவு தெரிய வேண்டும் என்று புள்ளிக்குப் புள்ளி சொல்லும் அந்த நான்காவது எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 1970-களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் அதை உருவாக்கினார்கள். இன்று நம் கல்யாண ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த நான்காவது எண்ணின் மேல் நிற்கிறது.

ஆனால் முடி அதற்குள் அடங்காது. ஒரு மயிரிழை ஒரு புள்ளியை விட மெல்லியது. அந்தப் புள்ளியில் கொஞ்சம் முடி, கொஞ்சம் பின்னாலிருந்த சுவர். அம்மாவின் பின்னால் சுண்ணாம்புச் சுவர். அவளைச் சிவப்பு மணமேடைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்ததும், தலையைச் சுற்றி அந்தச் சுவர் ஒரு வெள்ளைக் கோடாகக் கூடவே வந்துவிட்டது. மாஸ்க்கை இரண்டு புள்ளி உள்ளே இழுத்து, ஓரப் புள்ளிகளிலிருந்து சுவரின் பங்கைக் கழித்துத்தான் அதைப் போக்க முடிந்தது. இதை விடச் சிரமம் அவள் தலையிலிருந்த மல்லிகை. வெள்ளைப் பூ, வெள்ளைச் சுவர். அங்கே ஓரமே இல்லை. எந்த மென்பொருளும் இல்லாத எல்லையைக் கண்டுபிடித்துத் தராது. ஸ்டுடியோக்காரர் எழுந்து வெளியே போனார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு முழம் வாங்கி வந்து மானிட்டர் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மொட்டாக வரைந்தார். இதை நான் கைவேலை என்றே சொல்வேன். திண்டுக்கல் சீமையில் பூவோடு வளர்ந்த கைக்குத்தான் கட்டிய சரத்தில் எந்த மொட்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும்.

படத்தில் கைவைப்பது கம்ப்யூட்டர் காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857-58-இல் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். அதனால் நம் ஊர் நீல வானம் முழுக்கப் பதிவாகி, அச்சில் வெறும் வெள்ளையாக வரும். டிரைப் நெகட்டிவின் மேலேயே சாயம் தீட்டி மேகங்களையும் மர இலைகளையும் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெட்டு தெரியாமல் ஒட்டும் கவலை 160 ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் இருந்து வருகிறது.

அம்மாவின் கன்னத்தின் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு, நெற்றியில் பூஞ்சைப் புள்ளிகள். பக்கத்துத் தோலை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஒட்டு தெரியும், ஏனென்றால் கன்னம் ஒரே வெளிச்சத்தில் இல்லை. 2002-இல் வந்த ஃபோட்டோஷாப் ஏழாம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் என்ற தூரிகை வந்தது. அடுத்த ஆண்டு பெரெஸ், காங்னே, பிளேக் மூவரும் இதே வகை வித்தைக்கு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதற்கு அடிப்படை, 1840-இல் மறைந்த பிரெஞ்சுக் கணித மேதை புவாசோனின் சமன்பாடு. ஈர்ப்புக்கும் மின்புலத்துக்கும் பயன்படும் அதே சமன்பாடு!

இதைப் பானைக்கு வேடு கட்டுவது போல நினைத்துக்கொள்ளலாம். ஒட்டுத்துண்டின் நிறத்துக்கும் சுற்றியுள்ள கன்னத்தின் நிறத்துக்கும் ஓரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று புள்ளி புள்ளியாக அளக்க வேண்டும். அந்த வித்தியாசங்கள்தான் பானையின் மேடுபள்ளமான வாய். அதன் மேல் ஒரு துணியை இறுக்கிக் கட்டினால், உள்ளே எந்த இடத்தில் துணி எவ்வளவு உயரத்தில் நிற்குமோ, அந்த அளவை ஒட்டுத்துண்டின் அந்த இடத்தோடு கூட்ட வேண்டும். ஓரத்தில் வித்தியாசம் பூஜ்யமாகிவிடும், உள்ளே தோலின் நயம் மட்டும் மிஞ்சும். வித்தியாசத்தையே பார்க்கும் கண்ணுக்கு, வித்தியாசங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும் கணக்கு இது. கன்னத்தின் கோடு மறைந்த நொடியில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய படத்தை ஸ்கேன் செய்ததும், கைவைக்காத அந்த முதல் நகலைத் தனியாக வைத்துவிட வேண்டும். பழைய படங்களுக்கு அத்தனை மதிப்பு உண்டு: புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்மயமாக்கியிருக்கிறது. மடிப்பும் கறையும் ஒரு படம் கடந்து வந்த காலத்தின் தடயம். நாளைக்கு யாருக்காவது அதுவும் வேண்டியிருக்கும்.

நிறம் சேர்ப்பதில் ஒரு பொல்லாத சிக்கல். தானியங்கியாக நிறம் திருத்தும் பழைய முறை, படத்திலுள்ள எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. நம் கல்யாணத்தில் மஞ்சள், குங்குமம், அரக்குப் பட்டு, தங்கம். சராசரியே செம்மஞ்சள்தான். அதை ஒளியின் குற்றம் என்று நினைத்து மென்பொருள் படத்தை நீலத்துக்குத் தள்ளும், மணப்பெண் குளிரில் விறைத்தவள் போலாகிவிடுவாள். சரி, வெள்ளை வேட்டியைத் தொட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று சொல்லலாமே? புது வேட்டியில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். வெயிலில் எடுத்த படத்தில் அதைத் தொட்டால் எல்லாரும் மஞ்சளாகிப் போவார்கள். 

முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் எனக்கு மனவருத்தம் தருவது. அறிவியலும் என் பக்கம்தான். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட நெற்றியும் மூக்கும் 255-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எண் இல்லை. மூக்கின் பக்கவாட்டு நிழல், கன்னத்தின் வளைவு, எல்லாம் ஒரே வெள்ளையாகும். அண்ணன் மகள் மாநிறம். அந்த நிறத்தில் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள்தான் அவள் முகம். “பிள்ள நிறத்த மாத்த வேண்டாம் தம்பி” என்று அண்ணியே சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் பக்கம் தயாரானது. விரிப்பின் நடு மடிப்பில் யார் முகமும் விழவில்லை. மணிக்கட்டில் யார் கையும் வெட்டுப்படவில்லை. ஆனாலும் அம்மா மட்டும் ஏதோ வேற்றூர்க்காரி போல நின்றாள். காரணம் வெளிச்சம். அவள் மேல் வெயில் வலப்புறமிருந்து விழுந்திருந்தது. மணமேடையில் விளக்கு இடப்புறம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. நிழலேற்றிய வட்டங்களைக் காட்டி, மேலே வெளுப்பு இருந்தால் மேடாகவும் கீழே வெளுப்பு இருந்தால் பள்ளமாகவும் தெரிவதைக் காட்டினார். ஒளி மேலிருந்து வருகிறது, முழுக் காட்சிக்கும் ஒரே ஒளிதான் என்று மூளை கேட்காமலே முடிவு செய்துகொள்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு சூரியனை அது ஏற்பதில்லை.

“திருப்பிப் போட்டுருவோம்” என்று அம்மாவை இடவலமாக மாற்றினார். வெளிச்சம் பொருந்திவிட்டது. படத்தைப் போனில் சித்திக்கு அனுப்பினோம். அதே பழைய படத்தில் அம்மாவின் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பவர் அவர். உடனே கூப்பிட்டார். “மாராப்பு எப்படிடா வலத்தோளுக்குப் போச்சு? ஒத்த மூக்குத்தியும் பக்கம் மாறிக் கெடக்கு. இது அக்கா இல்ல.”

நான்காம் நாள் ஸ்டுடியோக்காரர் மூன்று நாள் வேலையை மூடி வைத்துவிட்டு, ஸ்கேன் செய்த படத்தைத் திறந்தார். கைவைக்காத முதல் நகல். அதிலிருந்து அம்மாவையும் சித்தியையும் மட்டும் வைத்துக்கொண்டார். சுண்ணாம்புச் சுவர் இருந்தது, பல் பல்லாக வெட்டிய அந்தக் காலத்து வெள்ளை ஓரம் இருந்தது, கன்னத்துக் கோடும் இருந்தது. அதை மணமேடைக்குப் பக்கத்தில், கறுப்பு அட்டை ஆல்பத்தில் ஒட்டியது போலக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். அந்த வடிவத்தையே கறுப்பாக நகலெடுத்து, நாலைந்து புள்ளி கீழே தள்ளி, மங்கலாக்கி, அடியில் உள்ள நிறத்தோடு பெருக்கும் முறையில் இட்டார். 0.8 வெளிச்சமுள்ள இடத்தை 0.5 நிழலால் பெருக்கினால் 0.4. அடியில் உள்ள பூவேலை அழியாமல், மேலே ஒரு தாள் மிதப்பது போல நிழல் விழுந்தது.

அச்சிடும் லேப்பிலிருந்து ஆல்பம் வந்ததும் சித்தி மடியில் வைத்து ஒவ்வொரு விரிப்பாகத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் நகத்தால் வெள்ளை ஓரத்தை மெதுவாக நெம்பிப் பார்த்தார்.