கண்ணுக்கு மட்டும் கட்டு இல்லை

1975 ஏப்ரல். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வகத்தில் ஆலன் வொர்ஸ்லி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன், கருவியிலிருந்து வரும் காகிதச்சுருளைப் பார்த்தபடி இருந்தார். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: 'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிட்டால், வொர்ஸ்லி கண்ணை இடமும் வலமுமாக எட்டு முறை ஓட்ட வேண்டும். அப்படியே நடந்தது. தூங்குகிற ஆள் வெளியுலகுக்கு அனுப்பிய சைகை காகிதத்தில் கோடுகளாக விழுந்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனியாக இதையே செய்துகாட்டினார்.

கையை ஆட்டச் சொல்லாமல் ஏன் கண்ணை ஓட்டச் சொன்னார்கள்? கனவு வரும் நேரத்தில் கை ஆடாது. கண்விழிகள் விரைந்து உருளும் இந்தத் தூக்கக் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தார்கள். ரெம் உறக்கம் என்பது அதன் பெயர். அப்போது மூளைத்தண்டிலிருந்து வரும் உத்தரவால், கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்கள் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கின்றன. பிரான்ஸின் லியோனில் மிஷேல் ஜுவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்த உத்தரவு பிறக்கும் இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கம் கலையாமலே எழுந்து, இல்லாத இரைமீது பாய்ந்தன. இந்தக் கட்டு இல்லாவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் கதி அதோகதிதான். அந்தக் கட்டுக்குத் தப்பும் தசைகள் மிகச் சிலவே: விழிகளை உருட்டுபவையும் மூச்சுக்கான உதரவிதானமும் அவற்றில் முக்கியமானவை.

தூங்குபவர் நெஞ்சில் ஏறி அமுக்குவதாகச் சொல்லப்படும் அமுக்குவான் பேய் பிறப்பது இந்த இடத்தில்தான். நினைவு திரும்பிவிடுகிறது, கட்டு அவிழவில்லை. இதுவே தூக்க முடக்கம். கண் திறப்பதால் அறை அப்படியே தெரிகிறது: மின்விசிறி, கொடியில் தொங்கும் சட்டை, பாதி திறந்த கதவு. ஆனால் கனவு இன்னும் ஓய்ந்திருக்காது. அதன் உருவங்கள் இந்த அறைக்குள்ளேயே வந்து நிற்கின்றன. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்திருப்பதால், ஆழ மூச்சிழுக்கப் பார்த்தால் நெஞ்சு ஒத்துழைக்காது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஓவியர் ஃபுசேலி 1781-இல் வரைந்த படத்தில் ஒரு குட்டிப் பூதம் பெண்ணின் மார்பில் குந்தியிருக்கிறது. அவள் மல்லாந்து கிடப்பதைக் கவனிக்க வேண்டும். மல்லாந்து படுக்கையில்தான் இது அதிகம் வருகிறது என்று பின்னாளில் ஆய்வாளர்களும் கண்டார்கள்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்குப்படி, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேர் வாழ்வில் ஒருமுறையாவது இந்த முடக்கத்தை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் அது 28 சதவீதம். தேர்வு, கைபேசி, நேரங்கெட்ட தூக்கம் என்று வாழ்கிற கூட்டம், வேறெப்படி இருக்கும்?

ஹல் ஆய்வகத்தில் வொர்ஸ்லி கண்டது தெளிவுக் கனவு. அதில் அறிவு கனவுக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. முடக்கத்தில் அறிவு வெளியே வந்துவிட, உடம்பு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இரண்டுமே ரெம் உறக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்துபோவதால் வருபவை. ஒன்று அடிக்கடி வருபவர்களுக்கு மற்றதும் அதிகம் வருவதை 2017-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டெனிஸ், போரியோ இருவரும் காட்டினார்கள். ஆனால் முடக்கம் மன அழுத்தத்தோடும் கெட்ட தூக்கத்தோடும் சேர்ந்துவருகிறது. தெளிவுக் கனவோ இனிய பகல் கனவுகளோடும் துல்லியமான மனக்காட்சிகளோடும்.

தெளிவுக் கனவு காணக் கற்றுத் தருகிறோம் என்று இப்போது பலர் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒரு வழி, நள்ளிரவுக்குப் பின் எழுந்து, மீண்டும் படுத்து, உடம்பு தூங்க மனம் மட்டும் விழித்திருப்பது. அந்த வழி நேரே அமுக்குவான் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. முடக்கம் வந்தால் பயப்படாமல் கண்ணை மூடி, தெளிவுக் கனவுக்குள் நழுவிவிடுவோரும் உண்டு. ஏற்கெனவே தூக்கம் சரியில்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம் என்பேன்.

முடக்கம் வந்தால் முண்டாதீர்கள். மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் விரலை மெல்ல அசைக்கப் பாருங்கள். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விட்டுவிடும். அடிக்கடி வந்தால் ஒருக்களித்துப் படுத்து, தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம். ஆனால் பகலில் அடக்கமுடியாத தூக்கம் தள்ளுகிறது, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தொய்கிறது என்றால் அது நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பார்க்க வேண்டியது நரம்பியல் மருத்துவரை, மந்திரித்துக் கயிறு கட்டுபவரை அல்ல.