ஒரு பாடவேளைக்கு 67 ரூபாய் 20 காசு

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக் கணிதத்துக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய். கற்பிப்புக் கட்டணம் கிடையாது, அரசுப் பேருந்தில் பயண அட்டை இலவசம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. 36 மாதத்துக்கு 36,000 ரூபாய் வரவு. இதை மட்டும் பார்க்கிறவர்கள் படிப்பு இலவசம் என்று சொல்லிவிடுகிறார்கள். தேனி மாவட்டத்தில் ஒரு கூலிக் குடும்பம் உண்மையில் கொடுக்கும் விலை இந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

அது, பிள்ளை வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராமல்போன கூலி. பருவத்துக்கு 90 வேலைநாள், ஆறு பருவத்துக்கு 540 நாள். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கோ, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கோ போயிருக்கக்கூடிய நாட்கள். கூலி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால், நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 336 ரூபாயை அளவாக வைக்கிறேன். 540 × 336 = 1,81,440 ரூபாய். உதவித்தொகை இதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். நாளைக்கு 5 பாடவேளை என்றால் மூன்றாண்டில் 2,700. ஒவ்வொரு பாடவேளைக்கும் வீடு விட்டுக்கொடுப்பது 67 ரூபாய் 20 காசு. 60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாடம் நடக்காமல் ஒரு மணி கழிந்தால் 4,032 ரூபாய் போயிற்று.

கணக்கு வாத்தியார் ஆகவேண்டும் என்றால் செலவு இன்னும் நீளும். பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பு. அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வில் பொதுப் பிரிவினர் 150க்கு 60 விழுக்காடு எடுக்க வேண்டும். இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60தான்.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இலும், பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இலும், போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி 1973இலும் தொடங்கின. வெளியூர் விடுதிக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்டதாரி ஆனதற்கு இவை பெரும் காரணம். இத்தகைய கல்லூரிகளின் கணிதப் பட்டத்தில் புள்ளியியல் பெரும்பாலும் துணைப்பாடமாகவே வரும். வாரம் 5 மணி என்று வைத்தால் ஒரு பருவத்தின் 15 வாரத்துக்கு 75 பாடவேளை, நம் கணக்கில் 5,040 ரூபாய். அந்த 75 மணியும் பாடநூலில் அச்சான, யாருடையது என்றே தெரியாத எண்களைக் கூட்டிப் பெருக்குவதில் கரைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல தரவு பக்கத்து ஊரிலேயே கிடைக்கிறது.

போடியில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் ஏலத்துக்கு ஏலம் வெளியாகின்றன. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரெல்லாம் அந்த எண்தான் பேச்சு. சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. உச்சத்தை நம்பிக் கடன் வாங்குவதற்கும் சராசரியைப் பார்த்து வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, திட்டவிலக்கம் என்ற பாடத்தில் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

தண்ணீர்க் கணக்கு இன்னும் வளமானது. முல்லைப் பெரியாறு பாசனத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் 1இல் திறந்தால் பாசனத்துக்கு வினாடிக்கு 200 கனஅடி, 120 நாள் என்பது வழக்கமான அறிவிப்பு. 200 × 86,400 × 120 = 207 கோடியே 36 லட்சம் கனஅடி, அதாவது 2 டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஏக்கருக்கு 43,560 சதுர அடி வீதம் மொத்தப் பரப்பு சுமார் 64 கோடி சதுர அடி. வகுத்தால் வயல் முழுக்க மூன்றேகால் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். ஆனால் கடைமடைக்கு அத்தனையும் போவதில்லை. வாய்க்காலில் எவ்வளவு கசிகிறது, தலைமடைக்கும் கடைமடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அறியக் கூறு எடுத்து அளக்க வேண்டும். அதுவே புள்ளியியல்.

முல்லைப் பெரியாறு அணையின் மட்டமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் அனுமதித்த 142 அடிக்கும், முன்பு வரம்பாக இருந்த 136 அடிக்கும் இடையில் உள்ள 6 அடியில் எத்தனை தண்ணீர் தேங்கும்? மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பு விரிவதால் வெறும் பெருக்கலில் விடை வராது. தொகையீடு தேவை. இரண்டாம் ஆண்டு மாணவி போடக்கூடிய கணக்கு.

இதற்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் விலை 0 ரூபாய், கல்லூரியின் பழைய கணினியிலும் ஓடும். 75 பாடவேளையில் 15ஐ, அதாவது வாரம் ஒன்றை, ஏல விலைக்கும் அணை மட்டத்துக்கும் ஒதுக்கலாம். 25 மதிப்பெண் அகமதிப்பீட்டை அதற்கே கொடுக்கலாம். பாடத்திட்டக் குழு இதை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.