தோலுக்கு எலி சாட்சி

தேக்கா ஈரச்சந்தை, சனிக்கிழமை காலை. கடைக்காரர் பம்ளிமாஸைக் கீறி உரிக்கிறார். விரல் தடிமனுக்கு வெள்ளைப் பஞ்சோடு தோல் கூடையில் விழுகிறது. பக்கத்தில் நின்ற அக்கா, "இதக் காய வச்சுப் பொடி பண்ணிக் குடிச்சா இனிப்புநீர், கொழுப்பு ரெண்டும் இறங்குமாமே?" என்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். 2010 தேசிய சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனர்களில் 9.7. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். சர்க்கரையும் கொழுப்பும் கூட்டாளிகள்.

தோலில் சரக்கு இருப்பதும் உண்மை. அந்த வெள்ளைப் பஞ்சில் உள்ள பெக்டின் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அந்த அமிலத்தைப் புதிதாகச் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளும். மாதுளைத் தோலில் புனிகலாஜின், மங்குஸ்தான் தோலில் மாங்கோஸ்டின் என்று ஆய்வாளர்களை இழுக்கும் பொருள்கள் வேறு.

இந்தத் தோல்களை வைத்து நடக்கும் பெரும்பாலான சோதனைகளின் செய்முறை ஒன்றுதான். தோலை உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊற வைத்துச் சாறு எடுப்பார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசியால் நீரிழிவு வரவழைத்த எலிகளுக்குச் சில வாரம் கொடுத்து ரத்தம் பார்ப்பார்கள். கொழுப்பு குறைந்தால் கட்டுரை வெளியாகும்.

ஆனால் எலி நம்பகமான சாட்சியா? அதன் ரத்தத்தில் கொழுப்பின் பெரும்பகுதி ‘நல்ல’ ஹெச்டிஎல்லில் பயணிக்கிறது, நமக்குக் ‘கெட்ட’ எல்டிஎல்லில். 1973இல் தோக்கியோவில் உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்துக் காம்பாக்டினைக் கண்டெடுத்தார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளில் முதலாவது அது. எலிக்குக் கொடுத்துப் பார்த்தார், கொழுப்பு அசையவில்லை. பிறகு முட்டையிடும் கோழிகளில்தான் இறங்கியது. எலியை மட்டும் நம்பியிருந்தால் ஸ்டாட்டினே நமக்குக் கிடைத்திருக்காது. அதே எலி தோல்சாற்றுக்குத் தலையாட்டினால் உடனே நம்பிவிடலாமா?

அளவும் இடிக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், வழக்கமான மாற்றுக் கணக்கில் 60 கிலோ மனிதருக்குத் தினமும் ஏறக்குறைய 4 கிராம் சாறு வேண்டும். அது செறிவூட்டிய சாறு; வீட்டில் அரைத்த பொடி அல்ல.

அக்காவுக்கு நான் சொன்னது வேறொன்று. பம்ளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளைச் சிதைக்கும் நொதியை முடக்கக்கூடியவை. மருந்து உடலில் தேங்கினால் தசை பாதிக்கப்படலாம். பலதுறை மருந்தகத்தில் டாக்டர் "வேறென்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்கும்போது, மாத்திரைகளின் பெயரோடு பழத்தையும் பொடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அக்கா.