சிப்பிலிருந்து அலைக்குழாய் வரை: அந்த ஒரு மில்லிமீட்டர்

காரின் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிற ரேடார் 76–81 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யுது. இன்னைக்கு சிப் மலிவு. அதிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கிறதுதான் தலைவலி.

77 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளமே 3.9 மி.மீ.தான். சிப்பையும் போர்டையும் இணைக்கிற பாண்ட் வயருக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ். 0.3 மி.மீ. கம்பி போட்டாலே கிட்டத்தட்ட 145 ஓம் ரியாக்டன்ஸ் வந்துடும். 50 ஓம் லைன் நடுவே இது ஒரு சுவர் மாதிரி. அதனால்தான் இங்கே கம்பியை விட்டுட்டு ஃபிளிப்-சிப் பக்கம் போறாங்க.

சரி, அலைக்குழாய் எதுக்கு? போர்டு மேல் ஓடுற மைக்ரோஸ்ட்ரிப் லைன் சில சென்டிமீட்டரில் தின்னுற சிக்னலை, அலைக்குழாய் ஒரு மீட்டர் போனாதான் தின்னும். ரேடாரில் ஒவ்வொரு டெசிபெலும் காசு. அனுப்பும்போது 1, வாங்கும்போது 1 என்று 2 டெசிபெல் போனா, தூரம் சுமார் 11% குறையும். 200 மீட்டரில் பார்த்த வண்டியை 178-ல்தான் பார்ப்போம்.

பாடப்புத்தக வழி, குழாய்க்குள்ள ஒரு சின்ன புரோப்பை நீட்டி, அதன் பின்னால் கால் அலைநீளத்தில் ஒரு உலோகச் சுவர் வைக்கிறது. டபிள்யூஆர்-12 குழாயில் அது 1.25 மி.மீ. வேலை அருமையா செய்யும். ஆனா அந்தச் சுவருக்காக ஒரு உலோகத் துண்டைக் கடைஞ்சு, சரியான இடத்தில் பொருத்தணும். ஆய்வகத்தில் பத்து பீஸ் செய்யலாம், லட்சம் பீஸ் செய்ய முடியாது.

மலிவு வழி ஒன்று: போர்டிலேயே ஒரு பேட்ச் வரைஞ்சு, மேலே குழாயை நிறுத்திடுறது. கீழே இருக்கிற கிரவுண்டே சுவர். ஆனா ஒற்றை பேட்ச் குறுகிய பட்டைக்காரன். 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்கப் பிடிக்க இன்னொரு ரெசனேட்டராவது சேர்க்கணும். எனக்குப் பிடிச்சது அடுத்தது. சிப் பேக்கேஜின் அடியிலேயே லாஞ்சர் இருக்கும். போர்டில் செம்பு பூசின ஒரு துளை. மறுபக்கம் உலோகம் பூசின பிளாஸ்டிக் ஆன்டெனா. மில்லிமீட்டர் அலை போர்டின் பொருளுக்குள்ள போகவே இல்லை, அதனால் விலையுயர்ந்த லேமினேட் வேண்டாம், சாதா எஃப்ஆர்-4 போதும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு, நிஜமாவே. பிளாஸ்டிக்குக்கும் போர்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழுந்தாலே அலை கசிஞ்சு பக்கத்துச் சேனலுக்குப் போகும். சிமுலேஷனில் ரெண்டையும் ஒட்டி வரைஞ்சிட்டு நான் ரொம்ப நாள் இதைக் கவனிக்கவே இல்லை! திருகு போட்டு இறுக்கலாம், ஆனா ஒவ்வொரு திருகும் செலவு. ஸ்வீடனின் சால்மர்ஸில் பெர்-சைமன் கில்டால் 2009-இல் முன்வைத்த இடைவெளி அலைக்குழாய் இங்கேதான் கைகொடுக்குது: துளையைச் சுற்றி சுமார் கால் அலைநீள உயரத்தில், அதாவது 1 மி.மீ. அளவில், உலோக ஊசிகள். மேல் தகடு ஊசிகளைத் தொட வேண்டியதே இல்லை. இடைவெளி கால் அலைநீளத்துக்குள்ள இருந்தா அந்த வழியா அலை பரவாது. ஊசிகளும் அதே பிளாஸ்டிக் அச்சில் சேர்ந்தே வார்ந்து வந்துடும்.